பழைய எஸ்யூவி வாங்கப் போறீங்களா? மொதல்ல கொஞ்சம் வரலாறு!

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம் மக்களே. அதான் இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. அதுக்கு வட்டியும் முதலுமா இன்னிக்கு ஒரு நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

இங்க டாலஸ்ல என்னோட வேலை பார்க்குற நண்பர் ஒருத்தர் ஒரு கேள்வி கேட்டார். வீட்டுல ரெண்டு பசங்க, மூணாவது வரப்போகுது. கூடவே ரெண்டு லாப்ரடார். இப்ப இருக்குற செடான்ல இந்தப் பட்டாளம் ஏறாது. பெரிய எஸ்யூவி ஒண்ணு, பழசா, கைக்கு அடக்கமா வாங்கணும். சபர்பனா, டாஹோவா, எக்ஸ்பெடிஷனா, செக்கோயாவா?

ஷெவர்லேவா ஃபோர்டாங்கற சண்டை நம்மூர் ரஜினியா கமலா சண்டை மாதிரி. நூறு வருஷம் ஆனாலும் முடியாது. என்னைக் கேட்டா, கேட்க வேண்டிய கேள்வி 'எந்தக் கம்பெனி வண்டி' இல்ல, 'எந்த வருஷத்து வண்டி'. காரணம் சிம்பிள். நாம குடும்பத்தோட ஏறிப் போற இந்த வண்டிகள் அமெரிக்கச் சட்டத்தோட கண்ணுக்கு ரொம்ப காலமா காரே இல்ல, லாரி! அந்த ஒரே காரணத்தால இதெல்லாம் இவ்வளவு பெருசா வளர்ந்துச்சு. அதே காரணத்தால காருக்கு வந்த பாதுகாப்பு விதிகள் சில இதுக்கு வந்து சேர இருபது, முப்பது வருஷம் ஆச்சு. பழைய வண்டி வாங்குறவங்க அந்தத் தாமதத்தையும் சேர்த்துத்தான் விலை கொடுத்து வாங்குறாங்க.

சரி, கொசுவத்தி சுத்த ஆரம்பிப்போம்.

ரயிலடியில ஆரம்பிச்ச கதை

1920கள்ல அமெரிக்காவுல ரயில்தான் எல்லாம். ரயிலடியில இறங்குற ஆளையும் பெட்டி படுக்கையையும் ஹோட்டலுக்கோ பங்களாவுக்கோ கொண்டு போய்ச் சேர்க்க ஒரு வண்டி வேணும். கார் சேசிஸ் மேல தச்சர் கையால மரத்துல ஒரு கூடு கட்டி ஓட்டுனாங்க. ஸ்டேஷனுக்குப் போற வண்டி, அதனால ஸ்டேஷன் வேகன். பார்க்க அழகா இருக்கும். ஆனா வீட்டு மரக்கதவு மாதிரியே அதுக்கும் வார்னிஷ் அடிச்சுக்கிட்டே இருக்கணும். மழையில ஊறும், வெயில்ல காயும், இணைப்பெல்லாம் கிரீச் கிரீச்னு கத்தும்.

1935ல ஷெவர்லே வேற மாதிரி யோசிச்சாங்க. லாரி சேசிஸ் எடுத்து, அது மேல முழுக்க முழுக்க இரும்புக் கூடு. பேரு சபர்பன் கேரிஆல். முன்னாடி மூணு பேர், நடுவுல ரெண்டு பேர், பின்னாடி மூணு பேர்னு மொத்தம் எட்டுப் பேர் உட்காரலாம். பின் சீட்டுகளைக் கழட்டிட்டா சரக்கு ஏத்தலாம். 60 குதிரைசக்தி, ஆறு சிலிண்டர் எஞ்சின், விலை 675 டாலர். கதவு? ரெண்டே ரெண்டுதான். கடைசி வரிசைக்குப் போறவர் எல்லாரையும் தாண்டித்தான் போகணும், நம்ம ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி :-)

அந்தக் காலத்துல இது குடும்ப வண்டி கிடையாது. ஆளையும் தளவாடத்தையும் சேர்த்து ஏத்திட்டுப் போற வேலைக்காரங்களுக்கானது. சபர்பன்ங்கற பேர் கூட ஷெவர்லேவுக்கு மட்டும் சொந்தமில்ல. 1949ல பிளிமத் கம்பெனி இரும்புக் கூடு போட்ட ஒரு ஸ்டேஷன் வேகனுக்கு அதே பேரைத்தான் வெச்சாங்க. ஜெனரல் மோட்டார்ஸுக்கு அந்தப் பேர் தனி உரிமையா கிடைச்சது 1988லதான்.

கதவு விஷயத்துல நம்ம சபர்பன் ரொம்ப நிதானம். 1967 மாடல்ல மூணு கதவு. டிரைவர் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ரெண்டு. ஒழுங்கா நாலு கதவு வந்தது 1973 மாடல்ல. குழந்தைங்களை ஏத்தி இறக்க வசதியா அது ஒரு குடும்ப வண்டி ஆனது அப்பத்தான். மத்தபடி அந்த 1973 டிசைன் 1991 வரைக்கும் பதினெட்டு வருஷத்துக்கு மேல ஓடுச்சு. நம்ம ஊர் அம்பாசடருக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னு வெச்சுக்கலாம்.

காருக்கு ஒரு சட்டம், லாரிக்கு ஒரு சட்டம்

அதே 1973 அக்டோபர்ல அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்டாங்க. பெட்ரோல் பங்க்ல நீள நீளமான வரிசை. இதுக்குப் பதிலா 1975ல அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டு வந்தது. ஒவ்வொரு கம்பெனியும் விக்கிற கார்களோட சராசரி மைலேஜ் 1978ல கேலனுக்கு 18 மைல், 1985ல 27.5 மைல் இருக்கணும். நல்ல சட்டம்தான்.

ஆனா விவசாயியும் கொத்தனாரும் ஓட்டுற லாரிக்கு இவ்வளவு கடுமை கூடாதுன்னு சொல்லி 'இலகுரக டிரக்'குகளுக்குத் தனியா, கொஞ்சம் தளர்வா ஒரு அளவு வெச்சாங்க. 1996லருந்து 2004 வரைக்கும் அந்த அளவு 20.7 மைல்லயே நின்னுச்சு. 8,500 பவுண்டுக்கு மேல மொத்த எடை (வண்டி, ஆள், சரக்கு எல்லாம் சேர்த்து கம்பெனி அனுமதிக்கிற எடை) உள்ள வண்டிக்கு அந்த அளவும் கிடையாது. 2011 மாடல் வரைக்கும் அதுங்க கணக்குலயே வரல. இது போதாதுன்னு 1978ல 'பெட்ரோல் குடிக்கிற' கார்களுக்குன்னு தனி வரி போட்டாங்க. அதுலயும் டிரக்குக்கு விலக்கு. எஸ்யூவியும் டிரக் கணக்குல வந்ததால அதுக்கும் விலக்கு.

சாஃப்ட்வேர் எழுதுற நமக்கு இது நல்லாவே புரியும். ஒரு 'இஃப்' கண்டிஷன்ல ஓட்டை இருந்தா, எல்லா டிராஃபிக்கும் அந்த ஓட்டை வழியாத்தான் போகும். பெரிய ஸ்டேஷன் வேகன் தயாரிச்சா கார் கணக்கு, சராசரி அடிபடும். அதே சைஸ்ல லாரி சேசிஸ் மேல ஒரு கூடு கட்டினா டிரக் கணக்கு, பிரச்சினை இல்ல.

1984 மாடல்ல கிறைஸ்லர் மினிவேன் வந்தது. ஸ்டேஷன் வேகனுக்கு அது முதல் அடி. அதே வருஷம் ஜீப் செரோக்கி, 1991ல ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர். இதெல்லாம் ரெண்டாவது அடி. நான் இருக்குற ஏரியாவுலயே அதுக்கு ஒரு சாட்சி இருக்கு. டாலஸ் பக்கத்துல ஆர்லிங்டன்ல 1954லருந்து ஓடுற ஜெனரல் மோட்டார்ஸ் ஃபாக்டரி. ஷெவர்லே கப்ரிஸ், ப்யூக் ரோட்மாஸ்டர்னு அவங்களோட கடைசிப் பெரிய ஸ்டேஷன் வேகன்கள் அங்கதான் தயாராச்சு. 1996 டிசம்பர்ல அதை நிறுத்திட்டு, அதே ஃபாக்டரியை எஸ்யூவிக்கு மாத்துனாங்க. இன்னிக்கு சபர்பன், டாஹோ, யூகான், எஸ்கலேட் நாலும் அங்கருந்துதான் வருது. குடும்ப வண்டி காரா இருந்தது போய் லாரியா மாறின கதையை ஒரே காம்பவுண்டுக்குள்ள பார்க்கணும்னா அங்க பார்க்கலாம்.

அப்புறம் அடைமழைதான். 1995ல நாலு கதவு டாஹோ, 1997ல எக்ஸ்பெடிஷன், 1998ல லிங்கன் நேவிகேட்டர், 1999ல கேடிலாக் எஸ்கலேட், 2001ல டொயோட்டா செக்கோயா. உச்சகட்டமா 2000 மாடல்ல ஃபோர்டு எக்ஸ்கர்ஷன். ஏறக்குறைய 7,000 பவுண்டு எடை. சியரா கிளப்ங்கற சுற்றுச்சூழல் அமைப்பு அதுக்கு 'ஃபோர்டு வால்டீஸ்'னு பேர் வெச்சாங்க, 1989ல அலாஸ்காவுல எண்ணெய் கொட்டின கப்பல் ஞாபகமா. சின்ன கார்கள் மோதினா அடியில போய் சொருகிக்கக் கூடாதுன்னு முன் பம்பருக்குக் கீழ தனியா ஒரு இரும்பு விட்டமே வெச்சு வித்தாங்கன்னா பார்த்துக்குங்க.

அரசாங்கமும் தன் பங்குக்கு உதவுச்சு. தொழிலுக்கு வாங்குற 6,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கு, முதல் வருஷமே 1,00,000 டாலர் வரைக்கும் வருமானத்துல கழிச்சுக்கலாம்னு 2003ல சட்டம் வந்தது. டிராக்டர் வாங்குற விவசாயியை மனசுல வெச்சு எழுதுன சலுகை. பல் டாக்டரும் ரியல் எஸ்டேட் ஏஜெண்டும் எஸ்கலேட் வாங்கிக் கழிச்சாங்க. அடுத்த வருஷமே எஸ்யூவிக்கு மட்டும் 25,000 டாலர்னு குறைச்சாங்க.

தாமதமா வந்த பாதுகாப்பு

இப்பத்தான் விஷயத்துக்கே வர்றோம். மைலேஜ்ல கிடைச்ச விலக்கு பர்ஸ் சம்பந்தப்பட்டது. பாதுகாப்புல கிடைச்ச விலக்கு?

சீட்டுக்கு மேல கழுத்தைத் தாங்குற ஹெட் ரெஸ்ட். கார்களுக்கு 1969ல கட்டாயம் ஆச்சு. இலகுரக டிரக்குகளுக்கு 1991 செப்டம்பர்ல. இருபத்திரண்டு வருஷம்! லாரியில போறவனுக்குக் கழுத்து வேறயா என்ன?

கூரை பலம் இன்னும் மோசம். வண்டி உருண்டா கூரை நசுங்கக் கூடாதுங்கற விதி கார்களுக்கு 1973லயே வந்தாச்சு. 1990கள்ல டிரக்குக்கும் நீட்டினாங்க, ஆனா 6,000 பவுண்டு மொத்த எடை வரைக்கும் மட்டும். சபர்பன், எக்ஸ்பெடிஷன் எல்லாம் அதுக்கு மேல. ஆக, உருளக்கூடிய வாய்ப்பு காரை விட அதிகமா இருந்த உயரமான, கனமான வண்டிகளுக்குக் கூரை விதியே கிடையாது. 2009ல விதியை மாத்தி 10,000 பவுண்டு வரைக்கும் கொண்டு வந்தாங்க. கனமான வண்டிகளுக்கு அது முழுசா கட்டாயமாக 2016 செப்டம்பர் ஆச்சு. கம்பெனிங்க அதுக்கு முன்னாடியே தாமா பலப்படுத்தியிருக்கலாம், அது வேற. ஆனா சட்டம் கேட்கல.

உருள்றதுன்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்றது 2000ம் வருஷம். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர்ல போட்டிருந்த ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓடும்போதே தோல் உரிஞ்சு வண்டிங்க உருண்டுச்சு. ஆகஸ்ட்ல 65 லட்சம் டயரைத் திரும்ப எடுத்தாங்க. அந்த டயர் சம்பந்தப்பட்ட சாவுகள்னு அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் கணக்கெடுத்தது 271. அந்த வருஷமே புதுச் சட்டம் வந்தது. டயர்ல காத்து குறைஞ்சா டேஷ்போர்டுல மஞ்சளா ஒரு விளக்கு எரியுதே, அந்தச் சட்டத்தோட குழந்தைதான் அது. 2007 செப்டம்பர்லருந்து எல்லாப் புது வண்டியிலயும் கட்டாயம்.

ஆனா எஸ்யூவி வரலாற்றுல உண்மையான திருப்பம் ஈஎஸ்சி, அதாவது எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல். வண்டி நாம திருப்புற திசையில போகாம சறுக்குதுன்னு சென்சார் கண்டுபிடிச்சா, கம்ப்யூட்டர் ஒரே ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் அடிச்சு வண்டியை நேராக்கும். எந்த டிரைவராலயும் தனித்தனிச் சக்கரத்துக்கு பிரேக் அடிக்க முடியாது, நாலு பிரேக் பெடல் கிடையாதே! 2007ல இதைக் கட்டாயமாக்கும்போது அதே நிர்வாகம் சொன்ன மதிப்பீடு: வண்டி தானா போய் மோதுற விபத்து கார்கள்ல 34 சதவீதம் குறையும், எஸ்யூவியில 59 சதவீதம். உருள்றது எஸ்யூவியில 84 சதவீதம். உயரமா இருக்குறதுங்கற பலவீனத்துக்கு இதை விட நல்ல மருந்து வந்ததில்ல. 2012 மாடல்லருந்து எல்லாத்துலயும் கட்டாயம். நிறைய பெரிய எஸ்யூவியில அதுக்குச் சில வருஷம் முன்னாடியே வந்தாச்சு, ஆனா வண்டிக்கு வண்டி பார்த்துத்தான் வாங்கணும்.

பத்து வருஷம் காத்திருந்த கேமரா

குழந்தை இருக்குற வீட்டுக்கு மூணு விஷயம் முக்கியம்.

ஒண்ணு, கார் சீட்டை மாட்டுற கொக்கி. லாட்ச்னு சொல்வாங்க. 2002 செப்டம்பர்லருந்து கட்டாயம். ஆனா கீழ்க் கொக்கி குறைஞ்சது ரெண்டு சீட்டுல இருந்தா போதும்ங்கறதுதான் விதி. எட்டு சீட் வண்டியில எட்டுலயும் இருக்கும்னு நினைச்சிடாதீங்க. மூணாவது வரிசையில பல வண்டியில இருக்காது.

ரெண்டு, பின் வரிசை நடு சீட்டுக்கு தோள் பெல்ட். பழைய வண்டியில நடுவுல உட்காருறவருக்கு இடுப்பு பெல்ட் மட்டும்தான். விபத்துல இறந்துபோன நாலு வயசுப் பையன் ஒருத்தன் பேர்ல 2002ல 'ஆன்டன் சட்டம்' வந்தது. அதன்படி 2007 செப்டம்பருக்குள்ள எல்லாப் புது வண்டியிலயும் நடு சீட்டுக்கும் தோள் பெல்ட். பூஸ்டர் சீட்டுல உட்காருற குழந்தைக்குத் தோள் பெல்ட் இல்லாம முடியாது. மூணு பசங்கன்னா ஒருத்தர் நடுவுல உட்கார்ந்துதானே ஆகணும்?

மூணு, ரிவர்ஸ் கேமரா. இதை எழுதும்போது கொஞ்சம் கை தயங்குது. பெரிய எஸ்யூவியோட பின் கண்ணாடி இருக்குற உயரத்துக்கு, பின்னாடி நிக்கிற ரெண்டு வயசுக் குழந்தை டிரைவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ரிவர்ஸ் எடுக்கும்போது வண்டியில அடிபட்டு அமெரிக்காவுல வருஷத்துக்கு 210 பேர் சாகுறாங்கன்னு 2014ல அரசாங்கம் கணக்குச் சொன்னது. அதுல 31 சதவீதம் அஞ்சு வயசுக்குக் கீழ. பல கேஸ்ல வண்டி ஓட்டினது பெத்தவங்களே. 2002ல வீட்டு வாசல்ல அப்படி இறந்த ரெண்டு வயசுக் குழந்தையோட பேர்ல ஒரு சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேத்தி, 2008ல ஜனாதிபதி கையெழுத்தும் ஆச்சு. 2011க்குள்ள விதி வந்திருக்கணும். தள்ளிப் போட்டாங்க, மறுபடி தள்ளிப் போட்டாங்க. கடைசியில பெத்தவங்களும் பாதுகாப்பு அமைப்புகளும் 2013ல கோர்ட்டுக்குப் போனாங்க. 2014ல விதி வந்தது. 2018 மே 1லருந்து கட்டாயம். சட்டத்துல கையெழுத்துப் போட்டதுலருந்து பத்து வருஷம். இந்தப் பத்து வருஷத்துல வித்த வண்டிங்கதான் இன்னிக்குப் பழைய வண்டி மார்க்கெட்ல நிறைய ஓடிக்கிட்டிருக்கு.

நல்ல சேதி என்னன்னா, கேமராவைத் தனியா வாங்கி மாட்டிக்கலாம், பெரிய செலவில்ல. கூரையையும் ஈஎஸ்சியையும் அப்படி மாட்ட முடியாது.

நாய்க்கும் ஆக்ஸிலுக்கும் என்ன சம்பந்தம்?

'நாய்தானே, பின்னாடி எங்கயாவது படுத்துக்கும்'னு நினைக்கிறவங்களுக்கு ஒரு பிளஸ் டூ ஃபிசிக்ஸ் கணக்கு. 30 கிலோ லாப்ரடார். வண்டி 50 கிலோமீட்டர் வேகத்துல போய் மோதி அரை மீட்டர்ல நிக்குதுன்னு வைங்க. அந்த நாயைப் பிடிச்சு நிறுத்த சுமார் 600 கிலோ எடைக்குச் சமமான விசை வேணும். கட்டாம விட்டா அது முன்னாடி உட்கார்ந்திருக்குற குழந்தை தலையிலதான் போய் நிக்கும். அதனால நாய்க்குக் கூண்டோ, உடம்புல மாட்டுற பெல்ட்டோ அவசியம்.

கூண்டுன்னு வந்தா இடம் வேணும். லாப்ரடாருக்கான 42 அங்குலக் கூண்டு சுமார் 42 × 28 × 30 அங்குலம், அதாவது 20 கன அடி. 2015லருந்து 2020 வரைக்கும் வந்த டாஹோவுல மூணாவது வரிசைக்குப் பின்னாடி இருக்குற இடம் 15.3 கன அடி. ஒரு கூண்டே போகாது! அவ்வளவு பெரிய வண்டி, ஒரு நாய்க்கு இடமில்ல. என்ன கொடுமை சார் இது?

காரணம், லாரி ரத்தம். பின்னாடி ரெண்டு சக்கரத்தையும் இணைக்கிற ஒத்தை ஆக்ஸில் முழுசா மேலயும் கீழயும் ஆடும். அது ஆட இடம் விடணும்னா தரையை உயர்த்தணும். தரை உயர்ந்தா மூணாவது வரிசை சீட்டை மடிச்சு உள்ள தள்ள இடமில்ல. அதனாலதான் 2014 வரைக்கும் சபர்பன், டாஹோவுல மூணாவது வரிசையைக் கழட்டித் தூக்கி கராஜ்ல வைக்க வேண்டியிருந்தது. 2015ல பட்டனைத் தட்டினா மடியும்னு கொண்டு வந்தாங்க, அதுக்கு சீட்டுக்குக் கீழ மேடை மாதிரி தரையை இன்னும் உயர்த்துனாங்க. வயசான நாய் அந்த மேடைக்குத் தாவி ஏறணும்.

இதுல ஃபோர்டு முந்திக்கிட்டாங்க. 2003 எக்ஸ்பெடிஷன்ல ஒவ்வொரு பின் சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் வெச்சு, ஆக்ஸிலைத் தூக்கிட்டாங்க. தரை தாழ்ந்துச்சு. மூணாவது வரிசை மடிஞ்சு தரையோட தரையா போய்டுச்சு. ஜெனரல் மோட்டார்ஸ் அதையே செய்ய 2021 மாடல் வரைக்கும் ஆச்சு. அப்ப டாஹோவோட பின் இடம் 15.3லருந்து 25.5 கன அடியா எகிறுச்சு, சபர்பன்ல 39.3லருந்து 41.5. டொயோட்டா கதை தலைகீழ். 2008 செக்கோயாவுல தனித்தனி சஸ்பென்ஷன் கொடுத்தாங்க. 2023ல புது மாடல் ஹைப்ரிடா வந்தப்ப மறுபடி ஒத்தை ஆக்ஸில், பின்னாடி தரையும் மேடு. புதுசெல்லாம் நல்லதுன்னு சொல்ல முடியாது பாருங்க.

மூணு பசங்க, ரெண்டு நாய் கணக்குக்கு வருவோம். ரெண்டு கூண்டு சேர்ந்தா 40 கன அடி, அகலம் மட்டும் 56 அங்குலம். மூணாவது வரிசையை நிமிர்த்தி வெச்சுக்கிட்டு இது எந்த வண்டியிலயும் நடக்குற காரியமில்ல. நடுவரிசை பெஞ்ச் சீட்டா இருந்து மூணு கார் சீட்டும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்தா, பின்னாடி மொத்தத்தையும் மடிச்சு நாய்ங்களுக்குக் கொடுத்துடலாம். விலை கூடின மாடல்கள்ல நடுவரிசை பெரும்பாலும் தனித்தனியா ரெண்டு சொகுசு நாற்காலிதான். அதை வாங்கினா ஒரு குழந்தை மூணாவது வரிசைக்குப் போகணும், ஒரு நாய்க்கு இடம் போச்சு. ஆக, லெதர் இல்லாத பெஞ்ச் சீட் வண்டிதான் நமக்கு நல்லது. விலையும் கம்மி!

பழைய வண்டின்னா சும்மாவா

பழைய வண்டி மார்க்கெட்டுக்கும் ஒரு வரலாறு இருக்கு. ஜார்ஜ் ஆகர்லாஃப்ங்கற பொருளாதார நிபுணர் 1970ல பழைய கார் சந்தையை வெச்சு ஒரு கட்டுரை எழுதினார். விக்கிறவனுக்கு வண்டியோட ரகசியம் தெரியும், வாங்குறவனுக்குத் தெரியாது. அதனால வாங்குறவன் எல்லா வண்டிக்கும் சுமாரான விலைதான் கொடுப்பான். நல்ல வண்டி வெச்சிருக்குறவன் அந்த விலைக்கு விக்க மாட்டான். கடைசியில சந்தையில மிஞ்சுறது சொத்தை. 2001ல அவருக்கு நோபல் பரிசு கிடைச்சதுல இந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த ரகசியத்தை உடைக்கத்தான் ஒவ்வொரு ஏற்பாடா வந்தது. 1981லருந்து எல்லா வண்டிக்கும் 17 எழுத்து வின் நம்பர். 1985லருந்து டீலர் விக்கிற பழைய வண்டியில வாரண்டி உண்டா இல்லையான்னு ஜன்னல்ல ஒட்டணும். 1996 மாடல்லருந்து ஸ்டீயரிங்குக்குக் கீழ இருக்குற சாக்கெட்ல ஒரு சின்ன ஸ்கேனரை மாட்டினா வண்டி தன் வியாதியைத் தானே சொல்லும்.

ஒரு பெரிய ஓட்டை மட்டும் இன்னும் அடைபடல. திரும்பப் பெற்ற குறையைச் சரி பண்ணாம புது வண்டியை விக்கக் கூடாது. 2016லருந்து பெரிய வாடகைக் கம்பெனிகள் வாடகைக்கும் விடக் கூடாது. ஆனா பழைய வண்டியை டீலர் அப்படியே விக்கலாம், நாடு தழுவிய சட்டம் எதுவும் தடுக்கல. 2025 ஏப்ரல்ல ஜெனரல் மோட்டார்ஸ் 2021லருந்து 2024 வரைக்குமான 6.2 லிட்டர் எல்87 எஞ்சின் போட்ட பெரிய வண்டிகளை, அமெரிக்காவுல மட்டும் ஏறக்குறைய 6 லட்சம், திரும்ப அழைச்சாங்க. மேல பாராட்டினேனே அதே தலைமுறை! அதனால வின் நம்பரை அரசாங்கத்தோட பாதுகாப்பு இணையதளத்துல போட்டுப் பார்க்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. இலவசம், ரெண்டு நிமிஷ வேலை.

எஞ்சின்லயும் வருஷம் பேசும். 2007லருந்து ஜெனரல் மோட்டார்ஸ் வி8கள்ல பாதி சிலிண்டரை அப்பப்ப தூங்க வைக்கிற டெக்னிக் வந்தது. பெட்ரோல் மிச்சம்தான், ஆனா லிஃப்டர் போறதுக்கும் ஆயில் குடிக்கிறதுக்கும் அது பேர் வாங்கினது. எக்ஸ்பெடிஷன்ல 2005லருந்து 2014 வரைக்கும் வந்த 5.4 லிட்டர் எஞ்சின்ல கேம் ஃபேசர் சத்தம் கேட்குதான்னு காது கொடுத்துக் கேளுங்க. 2001லருந்து 2007 வரைக்குமான செக்கோயாவுல 90,000 மைலுக்கு ஒரு தடவை டைமிங் பெல்ட் மாத்தணும், ரசீது கேளுங்க. 2017ல ஹார்வி புயல்ல ஹூஸ்டனே முங்குச்சு. வெள்ளத்துல நின்ன வண்டி வேற மாநிலத்துல சுத்தமான பத்திரத்தோட விலைக்கு வர்றது உண்டு. கார்பெட்டுக்குக் கீழ சேறும் சீட் தண்டவாளத்துல துருவும் இருக்கான்னு பாருங்க.

விலையும் வரலாற்றோட ஆடும். 2008 ஜூலையில பெட்ரோல் கேலன் 4 டாலரைத் தாண்டினப்ப பெரிய எஸ்யூவியைச் சீந்த ஆளில்ல. சபர்பனும் டாஹோவும் தயாரிச்ச விஸ்கான்சின் மாநிலம் ஜேன்ஸ்வில் ஃபாக்டரியை டிசம்பர் 23ம் தேதி, கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் முன்னாடி, மூடினாங்க. 2021ல சிப் தட்டுப்பாடு வந்தப்ப கதை தலைகீழ். ஜூன் மாசம் பழைய வண்டி விலை முந்தின வருஷத்தை விட 45 சதவீதம் ஏறியிருந்தது. பெட்ரோல் விலை ஏறும்போது பெரிய எஸ்யூவி வாங்கு, இறங்கும்போது வில்லுங்கறது இதுல கிடைக்கிற பாடம். நாம எல்லாரும் செய்றது அப்படியே உல்டா.

சரி, கடைசியா வருஷக் கணக்கு

தொகுத்துப் பார்த்தா இப்படி வருது:

2002 செப்டம்பருக்கு முன்னாடி: கார் சீட் கொக்கி உறுதியில்ல. குடும்பத்துக்கு வேண்டாம்.
2007 செப்டம்பருக்கு முன்னாடி: நடு சீட் தோள் பெல்ட், டயர் விளக்கு உறுதியில்ல.
2012 மாடலுக்கு முன்னாடி: ஈஎஸ்சி இருக்கான்னு அந்த வண்டியிலயே பார்க்கணும். இல்லைன்னா விலை எவ்வளவு கம்மியா இருந்தாலும் நடையைக் கட்டுங்க.
2017 மாடலுக்கு முன்னாடி: கூரை பலம் சட்டப்படி உறுதியில்ல.
2018 மேக்கு முன்னாடி: கேமரா இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா முதல் வேலையா மாட்டுங்க.

என் கணக்குப்படி, பட்ஜெட் இடம் கொடுத்தா 2018 மேக்கு அப்புறம் தயாரான, பெஞ்ச் சீட் போட்ட, நீளமான வண்டி. தரை தட்டையா வேணும்னா எக்ஸ்பெடிஷன் மேக்ஸ், இல்லைன்னா 2021க்கு அப்புறம் வந்த சபர்பன், 5.3 லிட்டர் எஞ்சினோட. பட்ஜெட் இடிச்சா 2012க்குக் கீழ இறங்காதீங்க. மைல் கூட இருந்தாலும் பரவாயில்ல, வருஷம் குறையக் கூடாது. தேய்ஞ்ச பாகத்தை மாத்தலாம், இல்லாத பாதுகாப்பை எந்த மெக்கானிக்கும் போட்டுத் தர முடியாது.

இன்னொண்ணும் சொல்லியாகணும். டிரெய்லர் இழுக்குற வேலை இல்லைன்னா ஒரு தடவை மினிவேனையும் போய்ப் பாருங்க. தரை தாழ்வு, கதவு சறுக்கித் திறக்கும், நாய் தானா ஏறும். 'மினிவேன் ஓட்டினா அங்கிள் ஆயிடுவோம்'ங்கற பயம் மட்டும்தான் பிரச்சினைன்னா, மூணு குழந்தைக்கு அப்பா ஏற்கெனவே அங்கிள்தான் பாஸ் :-)

அப்புறம், பெரிய எஸ்யூவிதான்னு முடிவு பண்ணா வெளிய நடந்து போறவங்களையும் மறந்துடாதீங்க. பானெட் உயரம் 40 அங்குலத்துக்கு மேல இருக்குற வண்டி மோதினா, தாழ்வான சாய்வான முகப்புள்ள வண்டியை விட பாதசாரி சாகுற வாய்ப்பு ஏறக்குறைய 45 சதவீதம் அதிகம்னு 2023ல அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களோட ஆய்வு மையம் சொன்னது. மேல வரிசையா பார்த்த விதிகள்ல, கேமராவைத் தவிர மத்ததெல்லாம் பெரும்பாலும் உள்ள இருக்குறவங்களுக்காக வந்ததுதான். வெளிய இருக்குறவங்களுக்காக வந்த விதிகள் அதோட ஒப்பிட்டா கம்மிதான்.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்ல, சாதா பொட்டி தட்டுற ஆசாமி. வாங்குறதுக்கு முன்னாடி, விக்கிறவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிட்ட வண்டியைக் காட்டிடுங்க. அப்படியே நாய்க் கூண்டையும் கார் சீட்டையும் கையோட எடுத்துட்டுப் போய் டீலர் வாசல்லயே மாட்டிப் பாருங்க. அவர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.